எதிர் எடை

துரோலாக் பந்துத் திடலில் இருபத்தேழு நாள்.
பள்ளி விடுமுறை, மழைக்காலம்.
சேற்றின் மேல் பலகை, பலகையின் மேல் சக்கரம்.
நாளுக்கு அறுபது வெள்ளி,
ராத்திரிச் சாப்பாடு தவுக்கே கணக்கு.
சட்டை போன வருசத்து ஆளுடையது,
நெஞ்சில் 'அஸ்மான்' என்று தைத்திருந்தது.
பிளேடால் பிரித்துப் பார்த்தேன், நூல் வரவில்லை.
அஸ்மானாகவே இருந்துவிட்டேன்.

வேலை சுலபம் என்றார் லோ.
பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், கால் பிரேக்.
கஷ்டம் பொத்தானில் இல்லை.
பன்னிரண்டு கூண்டு. ஒரு பக்கமே ஏற்றினால்
கனத்த பக்கம் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும்,
மோட்டார் முனகும், பெல்ட் கருகும்.
ஒன்றில் ஏற்றினால் ஏழிலும் ஏற்று.
ஆள் இல்லையா, மணல் மூட்டை.

செம்பனைக் குலையை ரேம்பில் நின்று
கண்ணாலேயே கிலோ சொன்னவள் நான்.
மனிதர்களும் அந்தக் கணக்கில் வந்துவிட்டார்கள்:
மில் கிராணி எண்பத்திரண்டு.
பங்களாதேஷ் பையன்கள் மூன்று பேர் நூற்றறுபது,
சிரிப்பு தனி.
புது ஜோடிக்கு மட்டும் கணக்கு நிற்காது,
ஒட்டி உட்கார்ந்து கூண்டைச் சாய்க்கிறார்கள்.

மழைநாளில் வெறும் சக்கரத்தையே சுற்றவிடுவோம்.
நின்ற சக்கரத்துக்கு எவனும் வரமாட்டான் என்பார் லோ.

பதினெட்டாம் நாள், தூறலில், அவர் வந்தார்.
மூன்று டிக்கெட்.
ஒரு பெண், ஒரு சின்னப் பெண்.
நான் முதலில் பார்த்தது எடையைத்தான், சத்தியமாக.
எழுபத்தாறு.
எங்களோடு இருந்தபோது அறுபதுகூட இல்லை.

பிறகுதான் முகம்.

குறுக்குக் கம்பியை மடிமேல் இறக்கிக்
கொக்கி மாட்டி ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும், விதி.
இழுத்துப் பார்த்தேன்.
"நல்லா பூட்டியிருக்கா?" என்றார்.
என் தொப்பியைப் பார்த்தார், சட்டையைப் படித்தார்,
அதையே மலாயில் இன்னொரு தடவை கேட்டார்.
மலாயிலேயே சொன்னேன், பயமில்லை என்று.

நான்காம் கூண்டு. எதிரே பத்து காலி.
நான்கை மேலே அனுப்பிப் பத்தைக் கீழே நிறுத்தினேன்.
மூட்டை ஒன்று இருபத்தைந்து கிலோ.
அவருக்கு மூன்று, அந்த அம்மாவுக்கு இரண்டு,
பிள்ளைக்கு முக்கால். முழுசாகவே வைத்தேன்.
ஆறு மூட்டை தூக்குகிற நேரம்
அவர் உச்சியில் இருந்தார்.
ஆறாவதற்கு நான் அவசரப்படவில்லை.

அங்கிருந்து என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும்,
காலையில் கிரீஸ் பூச ஏறுகிறவள் நான்தானே.
செம்பனை, செம்பனை, மில் புகை, தண்டவாளம்,
ஐந்தாம் டிவிஷன் லயத்தில் எங்கள் தகரம்,
ஒழுகும் இடத்தில் அம்மா போர்த்திய நீலக் கான்வாஸ்.
இரவில் இதெல்லாம் இல்லை.
வரிசையாகப் பல்புகள். எது எந்த வீடு என்று
தெரிந்தவருக்குத் தெரியும்.

விரல் எந்தப் பொத்தானிலும் இல்லை.
கச்சாங் பூத்தே கடைக்காரன் விசிலடித்தான்,
தூங்கிட்டியா?

பச்சை.

காசுக்கு நாலு சுற்று.
எண்ணவில்லை, ஏழோ எட்டோ.

இறங்கும்போது பிள்ளைக்கு ஒரு கால் செருப்பைக் காணோம்.
தினமும் விழும். டிக்கெட் பூத்தடியில்
ஒரு பெட்டி நிறைய ஒற்றைச் செருப்புகள்.
இது ஜெனரேட்டருக்குப் பின்னால் சேற்றில் கிடந்தது.
கால்சட்டையில் துடைத்து, குனிந்து, மாட்டிவிட்டேன்.
இரண்டாம் விரல் பெருவிரலைத் தாண்டி நீண்டிருந்தது,
என்னுடையதைப் போலவே.
"தேங்க்ஸ்க்கா" என்றது.
யாருக்கும் சொல்வதுதான்.
அவர் பாக்கெட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.
இரண்டு வெள்ளி நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

போனார்கள்.
பத்தாம் கூண்டின் மூட்டைகளை மறந்தே போனேன்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும்
உச்சியில் இருந்த நூற்றைம்பது கிலோ மணல்
என்னைக் கேட்காமல் இறங்கத் தொடங்கியது.
விளக்குகளும் கூடவே இறங்கின.
ஓடி பிரேக்கில் ஏறினேன்,
ஒரு காலால் நிற்கவில்லை, இரண்டு காலும் வைத்து,
கம்பியைப் பிடித்துக்கொண்டு,
நாற்பத்தேழு கிலோ.