புறக்குழு

காலாப்பட்டு. மின்சாரம் போய்விட்டது.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும் அந்தப் பத்து வினாடியில்
குளிர்பெட்டியின் கதவைக் கையால் அழுத்திப் பிடிக்கிறேன்.
இந்தக் கடற்கரையில் எனக்கிருக்கும் ஒரே மலை அது.
உள்ளே, சிலிக்கா மணிகளோடு,
நாற்பத்திரண்டு உறைகளில் ஜென்ஷியன்.

உறைமேல் பெம்பாவின் பென்சில் எழுத்து:
நாலாயிரத்து அறுநூறு மீட்டர். ஓடையோரம். பூ நீலம்.
ஒன்றில் மட்டும் கூடுதலாக:
விரல் மரத்துவிட்டது, எழுத்தை மன்னிக்கவும்.
அந்த இலையைக் கடைசியாகத்தான் அரைத்தேன்.

தொண்ணூற்று நாலு பாகையில் இழைகள் பிரியும்,
ஐம்பத்தைந்தில் தேடும், எழுபத்திரண்டில் வளரும்.
முப்பத்தைந்து சுற்று.
ஜெல்லில் ஒளிப்பட்டை தெரிந்த இரவு
ஆய்வகத்தில் வேறு யாருமில்லை.
பல்லியிடம் சொன்னேன்.

ஏ, சி, ஜி, டி.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்து படித்தவளுக்கு
நாலே எழுத்தில் ஓர் இமயம்.

கணினி மரம் வரையும் என்று காத்திருந்தேன்.
சீப்பு வரைந்தது.
ஒரே கணுவில் பதினோரு கிளை;
மூத்தது எது, இளையது எது, தெரியவில்லை.
மலை எழும்பிய அவசரத்தில்
பள்ளத்தாக்குக்கு ஒன்றாய்ப் பிரிந்து போனவை,
எழுத்து மாறக்கூட நேரமில்லாமல்.
கிளைக்கு ஆதரவு நூற்றுக்கு நாற்பத்தொன்று.
அதை வைத்துத் தேர்தலில் ஜெயிக்கலாம்,
ஆய்வேட்டில் முடியாது.

போதாததற்கு வேரும் இல்லை.
அடி எது, நுனி எது என்று
உள்ளே இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.
வெளியிலிருந்து ஒரு சொந்தம் வரவேண்டும்,
பங்காளிச் சண்டையில் சேராத தூரத்துச் சொந்தம்.

அது சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.
சவுக்கு மணலில், முழங்காலுக்கும் எட்டாத வெள்ளறுகு,
கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ.
ஜென்ஷியன் குடும்பம்தான்;
கடல்மட்டத்துக்கு நாலு மீட்டர் மேலே.

குனிந்து கிள்ளும்போது காவலர் தனகோடி வந்துவிட்டார்.
தினமும் அதைக் காய்ச்சிக் குடிப்பவர்.
"உங்களுக்கும் சர்க்கரையாம்மா? இந்த வயசுலயா?"
"இல்லண்ணே. மரத்துக்கு வேர் போடணும்."
ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.
வேப்பமரத்தையும் பார்த்தார்.

மறுநாள் என் மேசைமேல், தினசரித் தாளில் சுற்றி,
ஈர மண்ணோடு ஒரு முழுச் செடி.
"வேர் கேட்டீங்களே."
எனக்கு மூன்று இலை போதும்.
மீதியை அவரிடமே கொடுக்க மனம் வராமல்
பழைய பீக்கரில் நட்டுவைத்தேன்.

இப்போது மரத்துக்கு அடி இருக்கிறது:
கீழே தனியாக ஒரு நீளக் கோடு, வெள்ளறுகு.
மேலே சீப்பு இன்னும் சீப்பாகத்தான்.

ஓர் இலையை மென்று பார்த்தேன்.
கசப்பு தொண்டைவரை இறங்கியது.
பெம்பாவை அழைத்தேன்:
"உங்கள் பூ கசக்குமா?"
காற்றின் இரைச்சலுக்குள்ளிருந்து சிரித்தான்.
"பூ தெரியாது. வேர் கசக்கும்."