அனுப்ப முன்

முதலாவது பொத்தானை நான்தான் செய்தேன்.
பச்சை வட்டம். நடுவில் "சரி".
கரடிப்போக்குச் சந்தியில் பேக்கரிக்கு மேல்மாடி,
பாண் வாசம் படியேறி வரும் அறை.
மூன்று கணினி, ஒரு மின்விசிறி,
செயற்கை நுண்ணறிவு முகவர் என்று கொழும்பு சொல்கிற,
நாங்கள் வெறுமனே "அது" என்கிற அது.

பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளை அது வாசிக்கும்.
எழுதியவருக்குப் பதில் எழுதும்.
எழுதிவிட்டு எங்கள் முகம் பார்த்து நிற்கும்.
பார்க்க அதற்குக் கண் இல்லை.
ஆனாலும் நிற்கும்; அப்படித்தான் கட்டினோம்.

கோகுலரூபன் ஒரு பின்னேரம்
நாற்பத்தொரு பதிலுக்குச் சரி கொடுத்தான்.
மேசையில் தேத்தண்ணி ஆறவில்லை.
வாசிச்சனியோ என்றேன்.
"முதல் நாலும் வாசிச்சன் அக்கா. நல்லாத்தானே எழுதுது."

முப்பத்திரண்டாவது தவமலருக்குப் போனது, வட்டக்கச்சி.
அவர் எழுதியது தென்னையில் வெள்ளை ஈ பற்றி.
எந்த மருந்து, என்ன விலை, எத்தனை மரம் தறித்தேன்.
நடுவில் இரண்டு வரி:
"மூத்தவன் நட்ட ஒன்றை மட்டும் தறிக்கவில்லை.
வந்து பார்த்து அவனே முடிவெடுக்கட்டும்."

அது எழுதியது:
"காலஞ்சென்ற உங்கள் மகனின் நினைவாக
அந்த மரம் என்றும் நிற்கட்டும்."
அழகான வசனம். ஒற்றுப்பிழைகூட இல்லை.

மூன்றாம் நாள் தவமலரின் மறுமொழி வந்தது.
ஒரே வரி.
"எங்கே கண்டீர்கள்?"

அம்பகாமத்தில் இரண்டு வருடம்
வெடி தேடி மண் கிளறியவள் நான்.
கருவி கத்தும். கத்துவது மட்டும்தான் அதன் வேலை.
சோடாமூடிக்குக் கத்தும், ஆணிக்குக் கத்தும்,
மற்றதுக்கும் அதே குரலில்தான் கத்தும்.
நூறாவது சோடாமூடியில் கை அசட்டையாகும் என்று
தெரிந்தவர்கள் விதி எழுதியிருந்தார்கள்:
விசில் அடித்தால் எழும்பு,
முகமூடியைக் கழற்று, தண்ணி குடி.
கைக்குக் களைக்கும் என்பது அங்கே எழுத்தில் இருந்தது.
என் பச்சை வட்டத்தில் அது இல்லை.

இரண்டாவதில் பச்சை இல்லை.
முதலில் அவர் எழுதிய வரி, கீழே நாங்கள் எழுதிய வரி.
அவர் சொல்லாத சொல் எங்கள் வாயில் இருந்தால்
அதன் அடியில் சிவப்புக் கோடு.
பத்துப் பதிலுக்கு மேல் ஒரே மூச்சில் விடாது,
எழும்பித் தண்ணி குடி என்னும்.
சரி சொன்ன பிறகு ஒரு காற்புள்ளி மாறினாலும்
அந்தச் சரி செல்லாது; திரும்ப வந்து கேட்கவேணும்.
கரண்ட் போனால், ஆள் எழும்பிப் போனால்,
ஒருவரும் தொடாமல் விட்டால்
போகாது.

"அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தால்
சம்மதம் எண்டு வைப்பமே, எவ்வளவு லேசு."
ரூபனைத் திரும்பிப் பார்த்தேன்.
பேசாமல் இருந்தவர்களிடம் இந்த மண்ணில்
எதெதற்கெல்லாம் சம்மதம் எடுத்தார்கள் என்று அறிய
அவனுக்கு வயது காணாது.

கொழும்பு கேட்கிறது: நாளுக்குப் பத்தொன்பதுதானா?
ஓம், பத்தொன்பது.
சில நாள் பதினொன்று.

தவமலருக்கான பதில் இன்னும் திரையில்.
அது ஏழு விதமாக எழுதிக் காட்டியது.
ஏழிலும் பிழை சொல்ல முடியாது.
ஏழையும் அழித்துவிட்டு நானே தட்டினேன்:
"மன்னியுங்கள் அம்மா, நாங்கள் காணவில்லை."

காணவில்லை.
அந்தச் சொல்லின் அடியில்
நான் செய்த கருவி கோடு போட்டது.
உறுதியா?

விரல் மேலே நின்றது.
கீழே பேக்கரிக்காரர் கதவு இறக்குகிறார்.
வட்டக்கச்சிக்கு
ஆறரை பஸ் ஒன்று இருக்கிறது.