எந்த மேடா

கட்டேட்டே சந்தையில் சோளம் அளக்கும் தகரத்துக்கு
மேடா என்று பெயர்.
ஒரு மேடா ஐந்து கிலோ.
அப்படித்தான் கையேடு சொன்னது.
அப்படித்தான் நானும் எழுதினேன்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படிவங்களில்,
மோட்டார் சைக்கிள் பெட்ரோல் தொட்டியின் மேல் வைத்து,
பென்சிலால்.

ஜூன் மாதம் மூட்டை ஏழாயிரம் குவாச்சாவுக்கு விற்கிறார்கள்.
ஜனவரியில் அதே சோளத்தைப்
பதினெட்டாயிரம் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள்.
"பகுத்தறிவுக்குப் பொருந்தாத நடத்தை"
என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதியவள் நான்தான்.
பேராசிரியர் ஓரத்தில் சிவப்பில் சரி போட்டிருந்தார்.

செலிப்பா ம்வாலேயின் வீட்டில் கேள்வி நாற்பத்தேழு:
விளைச்சலை ஏன் சேமித்து வைக்கவில்லை?
கிடங்கு இல்லை, பூச்சி, தெரியாது, மற்றவை.
நான்கு கட்டங்கள்.
அவள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.
என் வயதுதான் இருக்கும்.
"உன் சம்பளத்தை ஜனவரி வரை
தொடாமல் வைத்திருப்பாயா நீ?"
தலை நிமிரவில்லை.
மற்றவை என்பதில் குறி இட்டேன்.
விவரம் எழுத
இரண்டு விரற்கடை கோடுதான் விட்டிருந்தார்கள்.

ஏழாம் வருடம் ஒரு தராசு வாங்கினேன்,
சொந்தக் காசில், கொக்கி வைத்த சுருள்வில் தராசு.
லுஃபேயோ ஜிம்பாவின் லாரி நிழலில்
அவனுடைய மேடாவைத் தொங்கவிட்டேன்.
ஆறு கிலோ இருநூறு கிராம்.
இன்னொன்று ஆறு.
அடித்தட்டை உள்ளிருந்து சுத்தியலால் தட்டி
வெளியே பிதுக்கியிருந்தான்,
உண்டவன் வயிறு மாதிரி.

அவன் வெட்கப்படவில்லை.
"மழையில் அச்சு முறிந்தால்
அது உன் கணக்கில் எந்த வரிசை?" என்றான்.
அதற்கும் என்னிடம் கட்டம் இல்லை.

அன்றிரவு விருந்தினர் விடுதியில்
மின்சாரம் போய் வந்து போனது.
மெழுகுவர்த்தியில் கணக்குப் போட்டேன்.
குறைந்த விளைச்சல் என்று நான் எழுதிய ஊர்கள்
குறைவாக விளைவித்தவை அல்ல.
ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே,
தகரத்தின் தொந்திக்குள் போயிருந்தது.
உழக்கும் மிஞ்சவில்லை என்று அவர்கள் சொன்னபோது
பழமொழி பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.
அந்த ஊர்களுக்கு நான் சிபாரிசு செய்தது
உரம்.

திருத்தக் கடிதம் மூன்று பக்கம்.
அமைச்சகத்திலிருந்து பதில் ஒரே சொல்: பெறப்பட்டது.

பிறகு நைரோபி, அடிஸ் அபாபா, அக்ரா.
குளிரூட்டிய அறைகளில் கழுத்தில் அட்டை.
படி என்றால் எனக்கு நாள்படி;
ஒரு நாளைக்கு நாலு மூட்டைச் சோளம்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
இல்லை என்று சொல்லமாட்டேன்,
தம்பி மகள் அதில்தான் செவிலியர் படித்தாள்.
சில நல்லதும் நடந்தது:
சிண்டாவில் ஒரு கிடங்கு, இரண்டு தரைத் தராசு.
முதல் பருவத்திலேயே ஒரு தராசுக்கடியில்
யாரோ கல் வைத்திருந்தார்கள்.
எடுத்துப் போட்டோம்.
மறுவருடமும் எடுத்துப் போட்டோம்.

ஐந்து கிலோ மட்டும் சாகவில்லை.
இந்த அறிக்கையிலிருந்து அந்த அறிக்கைக்கு,
அதிலிருந்து ஒரு பாடநூலின் பின்னிணைப்புக்கு.
என் பிழைக்கு இப்போது பேரப்பிள்ளைகள்.
எனக்குத்தான் பிள்ளை இல்லை.

ஓய்வு பெற்று சிப்பாட்டாவுக்கு வெளியே
முக்கால் ஹெக்டேர் வாங்கினேன்.
பாதி சோளம், பாதி சூரியகாந்தி.
இந்த ஜூனில் விற்றுவிட்டேன், பாதி விலைக்கு;
கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது.

நேற்று ஒரு பையன் வந்தான்,
கையில் கணினிப் பலகை, காலணியில் செம்மண்.
எத்தனை மேடா விற்றீர்கள்?

எந்த மேடா?

திரையைக் கீழே தள்ளிப் பார்த்தான், மேலே தள்ளினான்.
"இதில் ஒரே மேடாதான் இருக்கிறது, அம்மா."
என் பக்கம் திருப்பிக் காட்டினான்.
ஐந்து கிலோ.
அதற்குக் கீழே
கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில்
ஆதாரம்: சகாலா, 1996.

"யார் இவர்?" என்றேன்.
"தெரியவில்லை," என்றான். "பழைய ஆள்."