மூன்றாம் பெட்டி

எட்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று
அட்டவணை சொல்லியிருந்தது.
ஏழு ஐம்பத்தொன்பதுக்கு என் கையில் நாலு சீட்டு:
சுள்ளிக்கட்டோடு ஒரு சூனியக்காரி,
தவளையாகவே இருந்துகொள்கிறேன் என்ற இளவரசன்,
பொய்யைத் திருப்பி அடிக்கும் கண்ணாடி,
ஒரு மழை.
எதிரே அரக்கன்.
அவன் உயிர் அவனிடம் இல்லை, தெரிந்ததுதானே.
ஏழு கடல் தாண்டி ஐந்து பெட்டி,
ஒன்றில் கிளி.
தப்பான பெட்டியைத் திறந்தால்
நம் ஆள் ஒருவர் கல்லாவார்.

கண்ணாடியை இறக்க விரலை வைத்தேன்.
சாட்ஸ்வர்த் அணைந்தது.

ஃபிரிஜ் ஒரு பெருமூச்சு விட்டது.
ரவுட்டரின் பச்சைப் பொட்டு அழிந்தது.
மேட்டுக் கோபுரத்தின் பேட்டரியைப்
போன மாசமே யாரோ தூக்கிப் போய்விட்டார்கள்.
தொண்ணூறு நொடிக்குள் திரும்பாவிட்டால் தோல்வி.
இந்த மாசம் மட்டும் பதினோரு தோல்வி,
அரக்கனிடம் ஒன்றுகூட இல்லை.

பத்தரைக்கு வெளிச்சம் வந்தபோது திரையில் இருந்தது:
இருவரும் ஒரே நொடியில் தொடர்பிழந்தனர். ஆட்டம் சமன்.
எதிராளி பெயர் ஷாட்ராஜா77.
செவ்வாய் சமன். வியாழனும் சமன்.
ஆட்டம் முடிந்தால் பெட்டிகள் தாமே திறந்து காட்டும்;
மூன்று தரமும் கிளி மூன்றாம் பெட்டியில்.

உலகம் முழுக்க ஆடுகிற ஆட்டம் இது.
போன வாரம் பின்லாந்துக்காரன் ஒருவன்
என் சூனியக்காரியை எரித்தான்.
ஒரே நொடியில் இருளுகிற இரண்டு பேர்
ஒரே கம்பியில் தொங்குகிறவர்கள் என்று
எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.
ஆனால் ஷாட் மீன் பிடிக்காத ஆம்பிளை
டர்பனில் எத்தனை பேர்?

சனிக்கிழமை கரண்ட் நிலைத்தது.
ஹெட்போன் அறுந்திருந்தது.
முதலில் இரண்டாம் பெட்டியைத் தட்டினேன்,
சும்மா, ஒரு மரியாதைக்கு.
காலிப் பெட்டிக்கு ஒரு மணிச் சத்தம் உண்டு.
என் கையில் ஒலித்தது.
அரை நொடி பொறுத்துச்
சுவருக்குள் ஒலித்தது.

எங்கள் வீடுகள் ஒட்டிப் பிறந்தவை.
ஒரு சுவர், ஒரு கூரை, இரண்டு கதவு.
அந்தப் பக்கம் தனபாலன் மூட்லி,
தூண்டிலுக்கு இரை விற்பவர்.
ஆறு வருஷமாய் அவர் பிக்கப் வண்டி என் கேட்டை மறிக்கிறது
(இந்த ஊரில் அதற்குப் பக்கி என்று பெயர்.
பொருத்தமான பெயர்).
ஆறு வருஷமாய் ஆங்கிலத்தில் கடிதம்.
அன்புள்ள மிஸ் நாயக்கர், நிலவரைபடத்தின்படி.
அன்புள்ள மிஸ்டர் மூட்லி, என் வக்கீல் சொல்வதாவது.
எனக்கு வக்கீல் கிடையாது.

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம்
மீன்வாடை போகாத ஒரு கட்டைவிரல்.
ஐம்பத்தெட்டு வயசில்
கிளியை மூன்றாம் பெட்டியில் போட்டு மூடி
பத்திரம் என்று நம்பிப் படுக்கிற ஆள்.

இருக்குமிடம் தெரிந்த உயிரை
எப்படித் தொடுவது?

தொட்டேன்.
போட்டி போட்டிதான்,
ஆறு வருஷம் வேறு இருக்கிறது.
கிளி கத்தியது.
அரை நொடி.
கிளி கத்தியது.
பிறகு சுவர் சொன்னது:
ஐயையோ, போச்சே!

ஒரு கடிதத்திலும் வராத பாஷை.
வாயைப் பொத்திக்கொண்டேன்.
ஒலியைக் குறைக்கத்தான் மறந்துபோனேன்.
என் வெற்றி முரசு
ஊரைக் கூட்டுகிற மாதிரி முழங்கி ஓய்ந்தது.
அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லை.
வெகு நேரம்.

ஞாயிறு காலை பக்கி அதே இடத்தில்,
ஒரு விரற்கடைகூட நகரவில்லை.
என் தபால்பெட்டியில் கடிதம் இல்லை.
ஏழு மணிக்கு அழைப்பு வந்தது:
ஷாட்ராஜா77 உங்களோடு ஆட விரும்புகிறார்.

அட்டவணைப்படி இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம்.
ஏழு கடல். ஐந்து பெட்டி.
நான் மூன்றாவதை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு நாற்காலி தரையைக் கீறியபடி
கிட்டே வருகிறது.