ஓம்

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற கந்தோரில்
இரந்து வாங்கிய திரவ நைதரசன்.
கிளிநொச்சியில் குளிருக்கு வேறு கடை இல்லை.

அதற்குள் இறங்குகிறது
மயிரை ஆயிரமாய்க் கிழித்த மாதிரி ஒரு நார்,
கரும்பச்சைப் பொலிஅனிலீன்.
உள்ளே இலத்திரன்களுக்குத் தார் றோட்டு கிடையாது.
இரணைமடுக் கதவு திறந்த கிழமை
அறிவியல் நகர் ஒழுங்கையில்
சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு
கல்லுக்குக் கல் தாவுவோமே,
அந்தத் தாவல்தான் மின்னோட்டம்.

காந்தம் ஏறினால்
கற்கள் நகர்வதில்லை.
தாவுகிறவனின் கால்தான் கட்டையாகிறது.
தடை கூடுகிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு.
அந்த ஒரு பங்குக்காக மூன்று மாதம்,
எண்ணாத கரண்ட் வெட்டு,
மின்வழங்கிக்குள் கருகிய ஒரு பல்லி.

“போடப்போறன்” என்பேன்.
எழில்வதனி கொப்பியோடு எழும்பி வெளியே போவாள்.
வலத் தோளுக்குள் அவளுக்கு இரண்டு பீஸ்.
வேலைக்கு வந்த அன்றே சொன்னாள்,
அரிசி விலை சொல்கிற குரலில்.

வாசல் வரைக்கும் புலம் வராது என்று
கணக்குப் போட்டுக் காட்டினேன்.
“ஓம்” என்றாள்.
“ஓம் ஓம், விளங்குது.”
படிக்கட்டையும் தாண்டிப் போய் நின்றாள்.

இன்றும் கண்ணாடிக்கு அப்பால் அவள்.
கடைசி இலக்கங்களை நான் விரலில் காட்ட
எழுதுகிறாள்: நாலு, நாலு, ஐந்து.
பக்கத்தின் தலையில் அவளே கோடிட்டது:
மெகா ஓம்.

ஆளியை அணைத்தேன்.
நார் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது, உடனே,
ஒன்றும் நடக்காதது போல.
எழில்வதனி தோளை ஒருக்கால் சுழற்றிப் பார்த்தாள்.
பிறகு செருப்பைக் கழற்றினாள்.