நானூற்று ஒன்று

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கியது செவ்வாய்க்கிழமை.
இன்று வெள்ளி.
முன்னால் நிற்கும் டிரெய்லரின் முதுகை
மனப்பாடமாகச் சொல்வேன்:
நாமக்கல் நம்பர், அன்னை மரியா துணை,
உடைந்த இடது விளக்கு,
திருஷ்டிக்குத் தொங்கும் ஒற்றைச் செருப்பு.

நிலாவுக்குப் போக மூன்று நாள் என்று
மகள் போனில் படித்துக் காட்டினாள்.
நேராகப் போனால் மூன்று.
எரிபொருளை மிச்சம் பிடித்து
பூமியையே சுற்றிச் சுற்றிப் போனால் நாற்பது.
வெளிச்சம் என்றால் ஒன்றேகால் விநாடி.
மூன்று நாளில் நான் வந்தது ஆறு கிலோமீட்டர்,
அதை அவளிடம் சொல்லவில்லை.

"தூரம் எவ்ளோ போட்டிருக்கு?"
"மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூறு."

மீட்டரைப் பார்த்தேன்.
மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
வயிற்றுக்குள் என்னவோ புரண்டது.
ஒன்பது வருசம் நாலு மாசம்
ஒரகடத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில்
அங்கேதான் ஓட்டிக்கொண்டிருந்தேனா?

கிளீனர் பெலவேந்திரனிடம் சொன்னேன்.
சுண்டல் பொட்டலத்திலிருந்து தலை தூக்காமல்
"அங்க டோல் உண்டாண்ணே?" என்றான்.

வண்டி பத்தடி நகரும்.
அணைத்துவிட்டு அரைமணி நிற்கும்.
மணலிப் பக்கம் ஆலைச் சுடர்
வானத்தின் அடிப்பாகத்தைக் கருக்கிக்கொண்டிருந்தது.
பௌர்ணமி கழிந்து நாலாம் நாள்,
கடலோரக் கருங்கல் குவியலுக்கு மேல்
ஒரு பக்கம் நசுங்கி எழுந்தது நிலா.
அதுவும் லேட்.

அந்த ரெண்டு கிலோமீட்டரை
முழித்திருந்து கடக்க வேண்டுமென்று
மூன்று டீ குடித்தேன்.
முகத்தில் தண்ணீர் அடித்தேன்.
தொள்ளாயிரத்து நூறு மீட்டர் போல ஏதோ
ஒரு கணக்கு உளறிக்கொண்டே
திருச்சினாங்குப்பத்தில் கண் சொக்கிவிட்டது.

எழுந்தபோது ஸ்டியரிங்கில்
லைசென்ஸ் இல்லாத பெலவேந்திரன்.
மீட்டரில் நானூற்று ஒன்று.
இடப்பக்கம் கடல்,
வலப்பக்கம் மூடிக்கிடந்த பஞ்சர் கடை.

"எந்த இடத்துலடா தாண்டுச்சு?"
"எதுண்ணே?"
கொஞ்சம் யோசித்தான்.
"ஒரு நாய் குறுக்க வந்துச்சு.
பிரேக் போட்டேன்.
அங்கயா இருக்கும்."

ஜீரோ கேட்டில் டார்ச் அடித்து
சீல் நம்பர் பார்த்தார்கள், எடை கேட்டார்கள்.
"எங்கிருந்து?"
ஒரகடம் என்றேன்.

பெட்டியை இறக்கும்வரை
திரும்பும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.
அதே தூரம், அதே ஒன்பது வருசம்.
எனக்கு ஐம்பத்து மூன்று ஆகியிருக்கும்.
இந்த வண்டிக்கு எஃப்சி கிடைக்காது.

வர்றப்ப லோடு இல்லையே,
கொஞ்சம் சீக்கிரம் வந்துரலாம் என்கிறான்
பெலவேந்திரன்.