11/20

"இங்கே சொடுக்கவும்" என்று
எழுதியவன் நான்தான்,
அஸ்தம்பட்டி அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே.

செங்காட்டிலிருந்து குழந்தையம்மாள் கூப்பிட்டார்:
"இங்கேன்னா எங்கே சார்?
சிக்னலுக்குப் பாறைமேல ஏறி நிக்கறேன்.
வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நெட்டு தீந்துபோச்சு."

திறந்து பார்த்தேன்.
அறுபத்திரண்டு எம்பி.
நாற்பது பக்கம், பாதி தலைகீழ் ஸ்கேன்.
அவருக்கு வேண்டியது கடைசித் தாள் மட்டும்.

சனிக்கிழமை மச்சினன் வீட்டுக்கு ஏற்காடு பஸ்.
கொண்டை ஊசி வளைவுதோறும் ஒரு பலகை:
11/20.
இன்னும் எத்தனை என்று
குமட்டுகிற வயிற்றுக்கும் தெரிந்திருந்தது.

திங்களன்று மாற்றினேன்:
"மிளகு நாற்று மானிய விண்ணப்பம்,
ஒரு பக்கம், பிடிஎஃப், 90 கேபி."

பொத்தானுக்குள் அடங்கவில்லையே என்றார் மேலாளர்.
பொத்தானைப் பெரிதாக்கினேன்.

குழந்தையம்மாள் அப்புறம் கூப்பிடவில்லை.
பாறையைவிட்டு இறங்கிவிட்டார் என்று
வைத்துக்கொள்ளலாமா?